ரெண்டாவது பக்கத்து வோல்டேஜ்

கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, அந்த ஃபைல ஒரு நிமிசம் குடுங்க. வாசிக்கதுக்கு இல்ல. உங்க பத்திர விவரம் எனக்கு எதுக்கு? அந்த முதத் தாளத் திருப்பிப் பாக்கணும், அம்புட்டுத்தான். ஆங், பாத்தியளா? ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கான். முன்னாடி எப்படிக் கறுப்போ பின்னாடியும் அப்படியே கறுப்பு. எங்க எடுத்திய? ஜங்ஷன்லயா? ம். வச்சுக்கிடுங்க. நல்ல மெஷினு.

என்னடா இவன், பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த உடனே அடுத்தவன் ஃபைலப் புடுங்குதான்னு நெனைப்பிய. என்ன செய்ய, நம்ம பொழப்பு அது. பாளையங்கோட்டையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஆவுடையப்பன்னு பேரு. காலேஜ் பிள்ளைகளுக்கு, பிஎச்டி பண்ணுதவங்களுக்கு, தீசிஸ் அடிச்சு பைண்டிங் போட்டுக் குடுக்கது. பத்தொம்பது வருசமா அதே எடம். என் வீட்டுக்காரி சண்முகவடிவும் கடையிலதான் இருப்பா. அவளுக்கு என்ன பெரிய வேல? டைப் அடிப்பா. மார்ஜின் சரி பண்ணுவா. அட்டை ஒட்டுவா. எந்தப் பிள்ளைக்கு என்னைக்குக் கடைசி நாளுன்னு ஞாபகம் வச்சு போன் பண்ணுவா. மத்தபடி சும்மா உக்காந்திருப்பா. மெஷின் நான்தான் பாப்பேன்.

இப்ப அவ சங்கரன்கோவில்ல அவ அக்கா வீட்டுல இருக்கா. இருபத்திமூணு நாளாச்சு. அங்கனதான் போறேன். கூட்டிட்டு வரவான்னா? அத விடுங்க, அதப் பெறகு பேசுவோம். மொதல்ல மெஷின் கதையக் கேளுங்க. எல்லாம் அந்தச் சவத்தாலதான் வந்தது.

இந்த வருசத்துல இருந்து தீசிஸெல்லாம் பேக் டு பேக்தான், தாளோட ரெண்டு பக்கமும்தான் அடிக்கணும்னு யுனிவர்சிட்டில ஒரு உத்தரவு போட்டுட்டாங்க. தாள மிச்சம் பண்ணுதாங்களாம். முன்னூறு பக்கம் எழுதுத பிள்ளைய நூறு பக்கத்துல நிறுத்தச் சொன்னா அதவிட மிச்சம் ஆகும்லா? அது தோணாது. சரின்னு ஒரு புது லேசர் பிரிண்டர் எடுத்தேன். தாள அதுவே உள்ள இழுத்து, ஒரு பக்கம் அடிச்சு, அதுவே திருப்பி, மறுபக்கமும் அடிச்சு வெளிய தள்ளும். மாலை எல்லாம் போட்டு, சந்தனம் வச்சு, மெஷினு ராசா மாதிரி உக்காந்திருந்தது. முத நாளே வேலையக் காட்டிருச்சு. முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு. தாளத் திருப்புனா பின்பக்கம் வெளுத்துப் போயி, அங்கன ஒரு எழுத்து இங்கன ஒரு எழுத்து. மூணு தடவ தொவைச்ச சட்டை மாதிரி.

நான் சும்மா இருக்கலண்ணாச்சி. டோனர மாத்துனேன். டிரம்ம மாத்துனேன். கரண்டு ஏறி இறங்குதோன்னு ஸ்டெபிலைசர் வாங்கி வச்சேன். ஈபில போய் ஒருத்தர்கிட்ட சண்டையும் போட்டேன். அவரு பாவம், வந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டு, இருநூத்தி முப்பது வோல்ட்டு கம்பி மாதிரி நிக்கி, வேற என்ன வேணும் உங்களுக்குன்னு கேட்டாரு. சேவியர்னு நம்ம மெக்கானிக் ஒருத்தன் உண்டு, நல்ல பையன், அவனையும் ரெண்டு தடவ வரவழைச்சேன். அவன் வார நேரம் பாத்து அந்த மெஷினு ஒழுங்கா அடிக்கும். அவன் பைக்க எடுத்துட்டுப் போவான், மறுநாக் காலைல பழையபடி வெளுக்கும். மனுசனுக்கு எரிச்சல் வருமா வராதா?

இதுல ஐப்பசி மழை வேற. உங்களுக்குத் தெரியாததில்ல, மழைக்காலத்துல தாளு ஈரம் குடிச்சுக்கிடும். ஈரத் தாளு உள்ள சுருண்டு சிக்கும். அதுக்கு நான் ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன். மரப்பெட்டி, அதுக்குள்ள ஒரு குண்டு பல்பு. தாள்க் கட்டப் பிரிச்சு அதுல அடுக்கி வச்சிருவேன். பல்பு சூட்டுல தாளு அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஆயிரும். பத்தொம்பது வருசமா இதுதான் என் முறை. எங்க வடிவு இருக்காள்லா, அவ நான் அங்கிட்டுத் திரும்புனா பல்ப அணைச்சுப் போடுவா. நான் போடுவேன், அவ அணைப்பா. ஏட்டி, கரண்டு பில்லுக்காக் கஞ்சப்படுதன்னு கேட்டா, பில்லுக்கு இல்லங்க, தாளு ரொம்பக் காயுதுன்னா. தாளு காஞ்சா நல்லதுதானட்டி, அப்பளக் கடைக்காரி மாதிரிப் பேசுதியேன்னு சொல்லிட்டு நான் என் பாட்டுக்குப் போட்டேன்.

பெறகு ஒரு விசயத்தக் கண்டுபுடிச்சேன் பாத்துக்கிடுங்க. இந்த மெஷினு காலைல மோசமா அடிக்கி, மத்தியானத்துக்கு மேல நல்லா அடிக்கி. நான் சாப்பிடப் போயிட்டு ரெண்டு மணிக்கு வாரேன், பின்பக்கம் கறுகறுன்னு விழுது. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, ஒரு வாரமா இப்படியே. சரி, காலைல குளிருல மெஷினுக்குச் சூடு ஏறல, மத்தியானம் ஏறிக்கிடுதுன்னு முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணி ஒரு போர்டே எழுதி வச்சேன். பேக் டு பேக் பிரிண்ட் மதியம் ரெண்டு மணிக்கு மேல் மட்டும். பிள்ளைகளும் அதுக்குத் தக்கன வர ஆரம்பிச்சாங்க. அந்தப் போர்டப் பாத்து வடிவு ஒரு மாதிரி சிரிச்சா. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

என்ன நடந்திருக்குன்னா, நான் சாப்பிடப் போன நேரத்துல இவ மெஷினுக்குள்ள கைய வச்சிருக்கா. அந்தச் சின்னத் திரையில ஒரு மெனு உண்டு, மெக்கானிக் மட்டும் போற எடம். அதுக்குள்ள போயி என்னத்தையோ மாத்தி வச்சிருக்கா. தினமும். எங்கிட்ட ஒரு வார்த்த கிடையாது. சொல்லலையான்னு கேட்டா, சொன்னேன், நீங்க காதுல வாங்கலங்கா. சொல்லியிருக்கலாம். கடையில ஆயிரம் பேச்சு நடக்கும், எத்தனையத்தான் காதுல வாங்க?

அவளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேளுங்க. ஒரு நாளு ஒரு தீசிஸ இவ ஒரு பக்கம் மட்டும் மொத்தமா அடிச்சிருக்கா. அடுக்கி வச்சிட்டு சாப்பிட்டுட்டு வந்து, மறுபடி அந்தத் தாளையே உள்ள விட்டு மறுபக்கம் அடிச்சிருக்கா. அது நல்லா விழுந்திருக்கு. மெஷினே உடனே திருப்பி அடிச்சா வெளுக்கி, அரை மணி நேரம் ஆறப்போட்டு அடிச்சா வெளுக்கல. அப்ப டோனர்லயும் தப்பில்ல, டிரம்முலயும் தப்பில்ல, தாள்லதான் என்னமோ ஆகுதுன்னு இவ யோசிச்சிருக்கா. யோசிச்சு, சேவியருக்குப் போன் போட்டு, முத பக்கம் அடிச்சிட்டு வார தாளு ஏன் தம்பி கையில ஒட்டுதுன்னு கேட்டிருக்கா. அந்தப் பையன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லாததெல்லாம் அவகிட்டச் சொல்லியிருக்கான். ஏண்டா எங்கிட்டச் சொல்லலன்னு கேட்டதுக்கு, நீங்க மெஷினு சரியில்ல சரியில்லன்னுதான் அண்ணாச்சி சொன்னிய, அக்கா கேள்வி கேட்டாங்கங்கான்.

அவன் சொன்னது இதுதான். உள்ள ஒரு கறுப்பு ரோலர் இருக்காம். அதுல ஒரு வோல்டேஜ் நிக்குமாம். அந்த வோல்டேஜ்தான் டோனர் பொடிய இழுத்துத் தாள்ல உக்கார வைக்கது. அதுக்குப் பெறகு தாளு சூட்டு ரோலருக்குள்ள போகும், பொடி உருகிப் புடிச்சுக்கிடும். முத பக்கம் அடிச்சுச் சூட்டுக்குள்ள போயிட்டு வந்த தாளு எலும்பாக் காஞ்சு போயிருக்கும், கையில ஒட்டுததும் அதனாலதானாம். காஞ்ச தாள்ல வோல்டேஜ் சரியா ஏறாது, பொடி வராது. அதனால ரெண்டாவது பக்கத்துக்கு மட்டும் வோல்டேஜக் கூட்டி வைக்கணுமாம். எம்புட்டுக் கூட்டணும்னு கேட்டா, அது தாளுக்குத் தாளு, மழைக்கு மழை, மெஷினுக்கு மெஷினு மாறும், ஒவ்வொரு படியா ஏத்தி அடிச்சுப் பாத்துத்தான் புடிக்கணும்னுட்டான். இவ அதப் புடிச்சிருக்கா. ஒரு வாரமா, நான் சாப்பிடப் போற நேரத்துல.

ஆமாண்ணாச்சி, நீங்க கேக்கது சரிதான். அவ சரி பண்ணி வச்சது ஏன் மறுநாக் காலைல கெட்டுப் போச்சு? அதுக்கு நான் ஒருத்தன் இருக்கேம்லா.

எனக்குக் காலைல ஒரு பழக்கம். ஷட்டரத் தூக்குனதும் ஊதுபத்தி. பெறகு மெஷினுக்கு ரீசெட். ஒரு பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே சுவிட்சப் போட்டா, கம்பெனியில இருந்து வந்தப்ப எப்படி இருந்ததோ அப்படி ஆயிரும். எங்க பழைய மெஷினு அடிக்கடி மக்கர் பண்ணும், ரீசெட் பண்ணுனா சரியாகும். அதுல வந்த பழக்கம். மனுசன் காலைல குளிக்காம் பாருங்க, அது மாதிரி மெஷினுக்கு ரீசெட். ஒரு நாள் விட்டதில்ல. வெள்ளிக்கிழமைன்னா எலுமிச்சம்பழமும் சேத்து. ஆக, அவ மத்தியானம் ஏத்தி வைப்பா, நான் காலைல துடைச்சு எறிஞ்சிருவேன். ஒரு வாரம் இப்படி ஓடியிருக்கு. சிரிக்கியளா? சிரிங்க. எங்க சகலையும் இதச் சொன்னப்ப இப்படித்தான் சிரிச்சாரு.

அவ எங்கிட்ட நேரா வந்து பேசுனதும் உண்டு, இல்லங்கல. ஒரு சாயங்காலம், ஏங்க, ரெண்டாவது பக்கத்துக்கு வோல்டேஜக் கூட்டணும், நீங்க ரீசெட் பண்ணாதியன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நான் ஒரு கேள்வி கேட்டேன். ஏட்டி, தோசையத் திருப்பிப் போட்டா தீயக் கூட்டுவமா, குறைப்பமா? கல்லு சூடேறித்தான இருக்கு, குறைக்கத்தான் செய்வோம்? அப்ப ரெண்டாவது பக்கத்துக்கு வோல்டேஜக் குறைக்கணும், நீ கூட்டச் சொல்லுத. எப்படி, நம்ம பாயிண்டு? அவ, திருப்புததுக்கு முன்னாடி சுத்தி எண்ணெ விடுவோம்லா, அது எதுக்கு விடுதோம்னு கேட்டா. போய் அட்டை ஒட்டுன்னு ஒரு சத்தம் போட்டேன். போயிட்டா.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஜெபசீலின்னு ஒரு பிள்ள. நாசரேத்துப் பக்கம். ஏழு வருசமா அந்தத் தீசிஸ எழுதுது, கடற்கரை மண்ணப் பத்தி என்னமோ. கல்யாணம் ஆயி, பிள்ள பெத்து, எல்லாத்துக்கும் நடுவுல எழுதி முடிச்சிருக்கு. வடிவுதான் முழுசும் டைப் அடிச்சா. அந்தப் பிள்ளைக்கு ஒரு திங்கக்கிழமை சாயங்காலம் நாலு மணிதான் கடைசி. அன்னைக்கு அஞ்சு காப்பி உள்ள போகலைன்னா அதோட பதிவு முடிஞ்சுது, ஏழு வருசமும் தண்ணிலதான்னு வடிவு எங்கிட்ட பத்து தடவ சொல்லியிருப்பா. அதோட இன்னொண்ணும் சொன்னா. திங்கக்கிழமை நான் கோயிலுக்குப் போயிட்டு ஒம்பதரைக்கு வாரேன், நான் வந்து அடிச்சுக்கிடுதேன், நீங்க மெஷினத் தொடாதியன்னா.

மெஷினத் தொடாதேன்னு எங்கிட்டச் சொல்லுதா. பத்தொம்பது வருசமா மெஷினோட பொரண்டவங்கிட்ட.

நான் நல்லது நெனைச்சுத்தான் செஞ்சேன், கடவுளுக்குப் பொதுவாச் சொல்லுதேன். அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் முடிச்சுக் குடுத்துரலாமேன்னு ஏழரைக்கே போய்க் கடையத் திறந்தேன். ஊதுபத்தி, ரீசெட், பெட்டிக்குள்ள இருந்து நல்லா மொறுமொறுன்னு காஞ்ச தாளு. அஞ்சு காப்பியும் போட்டு விட்டுட்டு டீக்கடையில பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருந்துட்டேன். வந்து ஏன் திருப்பிப் பாக்கலன்னா கேக்கிய? முன்பக்கத்தப் பாத்தேன், நல்லா இருந்தது. ஜம்முன்னு அடுக்கி வச்சேன்.

வடிவு ஒம்பதரைக்கு வந்தா. ஜெபசீலியும் கூட வந்தது. வடிவு ஒரு காப்பிய எடுத்தா, ஒரு தாளத் திருப்புனா, அடுத்த தாளத் திருப்புனா, கீழ வச்சிட்டா. ரீசெட் பண்ணுனியளான்னு மட்டும் கேட்டா. அது தினமும் பண்ணுததுதானன்னேன். அந்தப் பிள்ள ஒரு தாள எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டு. அழுதது. எனக்கு அழுகைன்னா ஆகாதுண்ணாச்சி, கோவம் வந்துரும்.

வடிவு மெஷின் பக்கம் வந்தா. நான் மறிச்சு நின்னேன். ஆமா, மறிச்சேன், ஏன் பொய் சொல்ல? கைய எடு, சேவியர் வரட்டும்னேன். சேவியர் தூத்துக்குடியில இருக்கான், மத்தியானம் ஆகும்னா. ஆகட்டும்னேன். அதுக்குப் பெறகு தீசிஸு எப்ப அடிக்க, எப்ப ஒட்டன்னா. நான் நகரல. அவ என்ன செஞ்சா தெரியுமா? கம்ப்யூட்டர்ல இருந்து பென் டிரைவ உருவுனா. அந்தப் பிள்ள கையப் புடிச்சா. ரோட்டத் தாண்டி எதுத்த கடைக்குப் போயிட்டா.

எதுத்த கடை யாரு கடை? துரைப்பழம் கடை. ஒரு காலத்துல எங்கிட்ட வேல பாத்துட்டு, எனக்கே எதுக்கக் கடை போட்டவன். பதினோரு வருசமா அவன் வாசலப் பாத்து நான் எச்சி கூடத் துப்புனதில்ல, அது கூட ஒரு மரியாதையாப் போயிரும்னு. அவன் கடையில போயி என் பொண்டாட்டி நிக்கா. அவன் மெஷினுலயும் பின்பக்கம் வெளுப்புதான், எனக்குத் தெரியும். இவ போய் அவன் மெஷின் மெனுவத் திறந்து, ஒரு தாளா அடிச்சு அடிச்சுப் பாத்து, ஏத்தி இறக்கி, அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டா. அவன் தடுக்கல. நாற்காலி எடுத்துப் போட்டான், நான் இங்கன இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அஞ்சு காப்பியும் அடிச்சு, அங்கனயே பைண்டிங்கும் போட்டு, மூணேகாலுக்கு அந்தப் பிள்ளைய ஆட்டோவுல ஏத்தி விட்டா. தீசிஸ் உள்ள போயிட்டு.

சந்தோசம்தான். அந்தப் பிள்ளைக்குச் சந்தோசம்தான், நான் என்ன கல்லா? ஆனா என் நெலமைய யோசிச்சுப் பாருங்க. தெருவே பாத்துக்கிட்டு இருக்கு.

அவ திரும்பி வந்தா. துரைப்பழம் பின்னாடியே வாரான், அட்டைக் கத்திய மறந்துட்டிய மதினின்னு சொல்லிக்கிட்டு. கடையில நாலஞ்சு பிள்ளைக நிக்காங்க. சேவியரும் அப்பதான் வந்து பைக்க நிறுத்துதான். நான் கேட்டேன். அட்டை ஒட்டுதவளுக்கு வோல்டேஜ் எதுக்குட்டின்னு கேட்டேன். அவ அட்டைக் கத்திய வாங்கி மேசையில வச்சா. அது எனக்கு இன்னும் ஏத்திட்டு. நீ இல்லைன்னா இந்தக் கடை நடக்காதுன்னு நெனப்போ, பத்தாங்கிளாஸ் தாண்டாதவ எனக்கு மெஷின் சொல்லித் தாரியோ, அவங்கிட்டயே போய் வேலைக்கு இருன்னுட்டேன். இன்னும் ரெண்டு வார்த்த சொன்னேன். அத உங்ககிட்டச் சொல்ல வாய் வரல.

அவ என்ன சொன்னா? ஒரே வார்த்தைதான்.

"இத்தன பேரு முன்னாலயா?"

அம்புட்டுத்தான். வீட்டுக்குப் போயி, ஒரு பையில நாலு சேலைய வச்சிக்கிட்டு பஸ் ஏறிட்டா. கோவத்துல ஒரு மனுசன் போன்னு சொன்னா போயிருததா? முப்பது வருசத்துல நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், ஒரு தடவ கூடப் போனதில்ல. இந்தத் தடவ எப்படிப் போவா? நீங்களே சொல்லுங்க.

நாலு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். ஒரு வாரம் ஆச்சு. சோறெல்லாம் நான் வடிச்சுக்கிடுவேன், அதுல ஒண்ணுமில்ல. கடையிலதான் சள்ளை. எந்தப் பிள்ளைக்கு என்னைக்குக் கடைசி நாளுன்னு எங்கயும் எழுதி வைக்கல மகராசி, எல்லாம் அவ தலைக்குள்ள. பிள்ளைக வருது, அக்கா இல்லையான்னு கேக்கு, இல்லன்னா திரும்பிப் போயிருது. நான் நிக்கேன் முழுசா, மலை மாதிரி, என்னையக் கண்ணுக்குத் தெரியல அவங்களுக்கு.

சரி, நானே அந்த வோல்டேஜ வைப்போம்னு உக்காந்தேன். ரீசெட்ட விட்டுட்டேன், பல்பையும் அணைச்சிட்டேன், அதையும் சொல்லிருதேன். அவ சொன்னதுக்காக இல்ல. சேவியர் சொன்னதுக்காக. மெனுவத் திறந்தா பின்பக்கத்துக்கு ஒரு நம்பர் இருக்கு. பத்து வச்சேன், வெளுப்பு. பன்னெண்டு வச்சேன், வெளுப்பு. பதினஞ்சுக்கு ஏத்துனேன், தாளு முழுக்க அம்மை போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாப் புள்ளி. கூடிப்போனாலும் ஆகாது போல. எனக்குப் பொறுமை கிடையாதுண்ணாச்சி. மூணு நாளு மல்லுக்கட்டிட்டு சேவியரக் கூப்பிட்டேன். அவன் வரமாட்டேங்கான். அக்கா அந்த மெஷினுக்குன்னு நம்பர் புடிச்சு வச்சிருக்காங்க, அவங்ககிட்டக் கேளுங்கன்னு சொல்லிட்டு போன வச்சிட்டான்.

அதான் போறேன். இன்னைக்கு வெள்ளனேயே எங்க சகலைக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அந்த நம்பரு ஒண்ணு தெரியணும், அதக் கேக்கத்தான் வாரேன், வேற ஒண்ணுமில்லன்னேன். அவரு, வேற ஒண்ணுமில்லையான்னு ரெண்டு தடவ கேட்டாரு. வேற ஒண்ணுமில்லன்னு ரெண்டு தடவையும் சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

என்ன? போன்லயே கேட்டிருக்கலாமேங்கியளா? கேட்டிருக்கலாம். நம்பருதான, போன்லயே கேட்டிருக்கலாம்.

இது எந்த ஊரு, தேவர்குளமா? பாதி தூரம் வந்தாச்சு. இருங்க, பைக்குள்ள என்னமோ துடிக்கி. எம்போன்தான். அண்ணாச்சி, செத்த பாத்துச் சொல்லுங்க, கண்ணாடிய மேசையிலயே வச்சிட்டு வந்துட்டேன். யாரு பேரு போட்டிருக்கு? வடிவா? வடிவுன்னா போட்டிருக்கு? சரி வாசிங்க. சத்தமா வேண்டாம், எனக்குக் கேட்டாப் போதும்.

முன்பக்கம் ஒம்பது. சரி. பின்பக்கம் பதினாலு. பதினாலா? அடப் பாவி, பன்னெண்டு வச்சேன், பதினஞ்சு வச்சேன், பதினாலு வைக்கலியே நான். மேல வாசிங்க. மழை கூடுனா பதிமூணு. பாருங்க, மழைக்கும் சேத்துப் புடிச்சு வச்சிருக்கா. பெறகு? இன்னும் இருக்கா? வாசிங்க, பரவால்ல.

இன்னொரு தடவ வாசிங்க.

நம்பருக்காக இம்புட்டுத் தூரம் வர வேண்டாம். அனுப்பியாச்சு. எறங்கித் திரும்பிப் போங்கன்னு போட்டிருக்கா. அம்புட்டுத்தானா? கீழ ஒண்ணும் இல்லையே? தேச்சுப் பாருங்க, சில நேரம் கீழ ஒளிஞ்சு கிடக்கும். இல்லையா. சரி.

சரிதான். கேட்டது கெடைச்சாச்சு. எறங்கிர வேண்டியதுதான். அங்கன எதுக்க திருநெல்வேலி பஸ்ஸும் நிக்கி பாருங்க, ஆள் ஏத்துதான். ஏறுனா ஒரு மணிக்குக் கடையத் திறந்துரலாம். பதினாலு வச்சு அடிச்சா கறுகறுன்னு விழும்.

நீங்க ஏன் காலை மடக்கி வழி விடுதிய? நான் எந்திரிக்கலியே.

நான் என்னத்தைண்ணாச்சி சொல்லிக்கிட்டு அவ வாசல்ல போய் நிப்பேன்? நம்பர் கேக்க வந்தேன்னு சொல்லலாம்னு இருந்தேன். அத வச்சு உள்ள போயி, ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சு, பெறகு பையப் பேசலாம்னு இருந்தேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. முப்பது வருசம், தெரியாமப் போகுமா? அதான் வாசலுக்கு முன்னாலயே நம்பரக் குடுத்து அனுப்பிட்டா. பதினாலு வச்சு அடிச்சு நான் யாருகிட்டத் திருப்பிக் காட்ட? எனக்கு அவ வேணும்ணாச்சி. கடைக்கு இல்ல. எனக்கு.

விசில் அடிச்சிட்டான், நம்ம பஸ்ஸு நகருது. போவட்டும்.

ஒரு உதவி செய்யுங்க. உங்களுக்குக் கண்ணு தெரியுதுல்லா, அந்தப் போன்ல நான் சொல்லுதத அடிங்க. எழுதுங்க. நம்பர் வந்துச்சு. அடிச்சாச்சா? அடுத்து, அந்தச் சேவியர் பய முதல்லயே ஒழுங்காச் சொல்லியிருந்தா... வேண்டாம், அத அழிங்க. துரைப்பழம் கடைக்கு நீ போனதும்... அதையும் அழிங்க. நம்பர் வந்துச்சு, அது மட்டும் இருக்கட்டும். அதுக்குக் கீழ, அன்னைக்கு நான் பேசுனது தப்புன்னு போடுங்க. இல்ல, இருங்க, போடாதிய. அத்தன பேரு முன்னால கத்திச் சொன்னேன், இதப் போன்ல எழுதி அனுப்புனா ஆகுமா? அத நான்தான் சொல்லணும், அவ அக்கா, சகலை, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் நிக்கும்போது சொல்லணும். வாய் வருமான்னு தெரியல. வந்துரும்.

இப்ப என்ன இருக்கு அதுல? நம்பர் வந்துச்சு. அதுக்குக் கீழ, நான் எறங்கலன்னு போடுங்க. போட்டாச்சா? அம்புட்டுத்தான். அனுப்பிருங்க.